மூணு தடவை வேன் நின்றது... அயித்தை இறங்கவே இல்லை!

புதுவயலிலிருந்து தனுஷ்கோடி வழியாகத் திருச்செந்தூர் தேரிக்காடு வரை ஒரு குடும்பப் பயணம். அதில் வெயில் கற்றுக்கொடுத்த பாடம்!

கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமா நட்சத்திரங்கள்தான். ஏ.ஸி., கட்டில், ஆளுயரக் கண்ணாடி, உள்ளேயே பாத்ரூம்... ஷூட்டிங் நடக்கிற இடத்துக்கு ஒரு சின்ன வீடே வந்து நிற்கும். நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா? நமக்குத் தெரிந்த கேரவன், கோடை லீவில் வாடகைக்கு எடுக்கிற வேன்தான்! மேலே கேரியரில் கேஸ் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை. உள்ளே பாய், தலையணை, முறுக்கு டின். அதற்கு நடுவே மூன்று தலைமுறை ஜனம்.

அப்படித்தான் நாங்களும் கிளம்பினோம். எங்களுக்குப் புதுவயல். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போகிற வழியில் இருக்கிற ஊர். அரிசி ஆலைகளுக்குப் பேர் போனது. அவித்த நெல் வாசத்தில்தான் எங்களுக்குப் பொழுதே விடியும். என் வீட்டுக்காரர் ஒரு ஆலையில் கணக்கு எழுதுகிறார். வருஷம் பூராவும் லீவு கிடைக்காத மனுஷர், பிள்ளைகள் நச்சரித்ததால் மே மாதத்தில் மூன்று நாள் ஒதுக்கினார். மாமா, அயித்தை, நாங்கள் இருவர், கொழுந்தனார், ஓரகத்தி, நண்டும் சிண்டுமாக நாலு பிள்ளைகள். டிரைவர் தம்பியையும் சேர்த்தால் பதினோரு பேர்.

(என் மாமியாரைத்தான் அயித்தை என்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம்.)

திட்டம் என்ன தெரியுமா? முதல் நாள் தேவிபட்டினம், பாம்பன், தனுஷ்கோடி, ராமேஸ்வரம். இரண்டாம் நாள் ராமநாதபுரத்துக்குத் திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர். மூன்றாம் நாள் தேரிக்காட்டைப் பார்த்துவிட்டு வீடு. கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, முதல் நாள் மத்தியானம் ஒன்றரை மணி வரைக்கும்!

நம்ம ஊர் பாலைவனம்

தமிழ்நாட்டில் பாலைவனம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பாடப்படி சரி. ஆனால் மே மாத உச்சி வெயிலில் இந்தக் கடற்கரையோரம் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பொட்டல். சீமைக் கருவேலமும் பனையும் விட்டால் வேறு மரம் இல்லை. நடுநடுவே உப்பளம், வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசும். இந்தப் பகுதிக்கு மழையே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். திருச்செந்தூருக்கு மேற்கே போனால் தேரி. இரும்புத் துரு படிந்து செக்கச் செவேலென்று சிவந்த மணல், காற்றில் குவிந்து மேடு மேடாகக் கிடக்கும். சினிமாவில் வருகிற பாலைவனம் தோற்றுப்போகும்!

இதில் எல்லாவற்றுக்கும் சிகரம் தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் அடித்த புயலில் ஊரே அழிந்துபோனது. பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் அதிலிருந்த பயணிகளையும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே ஒழுங்கான ரோடே இல்லை. மணலிலும் தண்ணீரிலும் தட்டுத் தடுமாறிப் போகிற வேன்கள்தான். 2017 ஜூலையில்தான் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை திறக்கப்பட்டது. இடது பக்கம் வங்காள விரிகுடா, வலது பக்கம் மன்னார் வளைகுடா, நடுவே ஒற்றை ரோடு, இரண்டு ஓரமும் மணல். அழகுதான். ஆனால் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது!

அன்றைக்கு நடந்தது

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. சாமான் ஏற்றி முடிக்க ஆறு மணி ஆகிவிட்டது. காரைக்குடி, தேவகோட்டை, ஆர்.எஸ். மங்கலம் வழியாக தேவிபட்டினம் போய், கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றிக் கும்பிட்டோம். அங்கிருந்து ராமநாதபுரம், மண்டபம், பாம்பன். பாலத்தில் பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைக் காட்டி, நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும் என்று கொழுந்தனார் விளக்கிக்கொண்டு வந்தார்.

ராமேஸ்வரம் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கோயில் நடை ஒரு மணிக்குச் சாத்தி, மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். "சும்மா உட்கார்ந்திருப்பானேன்? அதுக்குள்ள தனுஷ்கோடியைப் பார்த்துட்டு வந்துருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான். வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தில், நிழலே இல்லாத இடத்துக்குப் புறப்பட்டோம்.

அரிச்சல்முனையில் இறங்கியதும் ஜிலுஜிலுவென்று காற்று. "என்னமா காத்து வருது பாரு!" என்று எல்லோருக்கும் சந்தோஷம். பேரப் பிள்ளைகள் "அப்பத்தா வா, அப்பத்தா வா" என்று கையைப் பிடித்து மணலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அயித்தைக்கு 67 வயசு. பத்து வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி வீட்டில் ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற திடமான உடம்பு.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தால் அயித்தை மணலில் உட்கார்ந்திருக்கிறார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. கிட்டே போய்த் தொட்டேன். கை சில்லென்று இருந்தது.

"என்ன அயித்தை செய்யுது?"

"ஒண்ணுமில்லத்தா... தலை கிர்ருங்குது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது."

சொல்லி முடிக்கவில்லை, வாந்தி எடுத்துவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. மாமாவோ, "பித்தமாத்தான் இருக்கும், ஒரு சோடா வாங்கிக் குடுங்க" என்கிறார். நல்ல வேளை, டிரைவர் தம்பி ஓடிவந்தார். "அக்கா, இது பித்தமில்லை, வெயில்! தூக்குங்க ஆத்தாவை" என்று தாங்கலாகப் பிடித்து, வேனின் நிழல் பக்கமாகப் பாய் விரித்துப் படுக்க வைத்தார். காலுக்கடியில் தலையணை. துண்டை நனைத்துக் கழுத்திலும் கையிலும் போட்டார். நினைவு தெளிவாக இருந்ததால், தண்ணீரில் துளி உப்பும் சர்க்கரையும் கலந்து மடக்கு மடக்காகக் கொடுத்தோம். அப்புறம் நேராக ராமேஸ்வரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

அங்கே இருந்த டாக்டரம்மா நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார். நாடி வேகமாக ஓடுகிறது, பிரஷர் 90-க்கு 60. எப்போதும் அயித்தைக்கு 140-க்குக் குறையாது! சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, அயித்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாட்டிம்மா, காலையிலிருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க?"

அயித்தை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வீட்டுல கிளம்புறப்பப் போனதுதான்."

எட்டு மணி நேரம்! "தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?" "வாய் நனைக்க ரெண்டு மடக்கு." "ஏன்?"

அயித்தை சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது.

"குடிச்சா இறங்கணுமே தாயி! இறங்குனா எங்க போறது? பொட்டக்காடு. மறைவுக்கு ஒரு செடி உண்டா? மகன், மருமகன் மாதிரி டிரைவரு... எல்லாரும் இருக்கையில வண்டியை நிப்பாட்டுங்கன்னு எப்படிச் சொல்றது?"

வேனுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். காலையில் நான் கொடுத்த ஒரு லிட்டர் பாட்டில் சீட்டுக்கடியில் அப்படியே கிடந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழியில் மூன்று தடவை வேன் நின்றது. தேவகோட்டை தாண்டி ஒரு தடவை, ஆர்.எஸ். மங்கலத்துக்கு அப்பால் ஒரு தடவை, மண்டபத்துக்கு முன்னால் ஒரு தடவை. மூன்றும் ஆண்களுக்காக! அவர்கள் இறங்கி ரோட்டோரமாக ஒதுங்கிவிட்டு வந்தார்கள். நாங்கள் பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம். அயித்தை மட்டுமில்லை, நானும் ஓரகத்தியும்கூட அன்றைக்கு அரை டம்ளருக்கு மேல் குடிக்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலேயே மூன்று பேரும் ஒரே முடிவு எடுத்திருந்தோம்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களும் இதைத்தானே செய்கிறார்கள்? பஸ் பயணம் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நம் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ள வைத்திருக்கிற ஒரே பெரிய வழி வியர்வை. வியர்வை ஆவியானால் உடம்பு குளிரும். வெயிலில் நடந்தால் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல்கூட வியர்வையாகப் போய்விடலாம். அதோடு உப்பும் போகும். போனதை ஈடுகட்டவில்லையென்றால் ரத்தத்தின் அளவு குறையும், பிரஷர் இறங்கும், தலை சுற்றும், தசை இழுக்கும். இதற்கு வெப்பத் தளர்ச்சி என்று பேர்.

கடற்கரையில் இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. காற்று அடிக்க அடிக்க வியர்வை உடனுக்குடன் காய்ந்துபோகும். "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று நினைப்போம். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். காற்று நின்றுவிட்டாலோ வேறு வம்பு. ஈரப்பதம் அதிகமான காற்றில் வியர்வை காயாது, உடம்பும் குளிராது. மணலும் கடலும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிப்பது வேறு!

வயசானவர்களுக்கு ஏன் ஆபத்து அதிகம்? வயசு ஏற ஏறத் தாக உணர்ச்சி குறைந்துவிடும். உடம்பு காய்ந்திருக்கும், நாக்கு கேட்காது. அயித்தை சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையில் சிறுநீரை அதிகமாகப் போகவைக்கிற மருந்தும் கலந்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு, சர்க்கரை ஏறியிருந்தால் சிறுநீர் வழியாகவே தண்ணீர் நிறையப் போய்விடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் "இப்படிப் பயணம் போகிறோம், மாத்திரையில் ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

அடக்கி வைப்பதிலும் கெடுதல் உண்டு. தண்ணீர் குடிக்காமல், வருகிற சிறுநீரையும் அடக்கினால் கிருமிகள் பெருக வழி கிடைக்கும். டூர் போய்வந்த நாலாம் நாள் நீர்க்கடுப்பு என்று பெண்கள் டாக்டரிடம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"உங்க மாமியாரைச் சீக்கிரம் கூட்டிட்டு வந்துட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் வெயிலிலேயே இருந்திருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அந்த 'வேற மாதிரி'தான் வெப்ப மயக்கம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். உடம்புச் சூடு 104 டிகிரிக்கு மேல் போய்விடும். பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் உளறுவார்கள், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். அது உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

முன்னோர்கள் முட்டாள்களா?

அன்று இரவு ராமேஸ்வரத்திலேயே தங்கினோம். அயித்தை நன்றாகத் தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வண்டி கட்டிக்கொண்டு கூட்டமாகப் போவது நமக்குப் புதிதா என்ன? சங்க காலத்தில் உமணர்கள் உப்பு மூட்டைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி, வரிசையாகத்தான் போனார்கள். ராமேஸ்வரம் யாத்திரை போகிறவர்களுக்காக சேதுபதி மன்னர்களும் நகரத்தார்களும் வழி நெடுகச் சத்திரம் கட்டிவைத்தார்கள். இன்றைக்கு தனுஷ்கோடி ரோடு ஆரம்பிக்கிற இடத்தின் பெயரே முகுந்தராயர் சத்திரம்தான்! சத்திரம் என்றால் என்ன? நிழல், கிணறு, சாப்பாடு, ஒதுங்க ஒரு இடம். நடந்து போகிறவன் எங்கே களைத்துப்போவான் என்று பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். நாம் வேகமாகப் போகிற வண்டியைக் கண்டுபிடித்துவிட்டு, நிற்கிற இடத்தை மறந்துவிட்டோம்.

வெளிநாட்டிலும் இந்தக் கதைதான். ஆஸ்திரேலியாவின் தெற்கில் நல்லார்பார் என்று ஒரு பெரும் பொட்டல். அதைக் கடக்கிற அயர் நெடுஞ்சாலை 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஜனங்கள் கேரவனை இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் போவார்கள். வழியில் பெட்ரோல், சாப்பாடு, குளியல் எல்லாம் சேர்ந்த நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. சில இடங்களில் ரோட்டையே அகலப்படுத்தி, அவசரத்துக்குப் பறக்கும் டாக்டரின் விமானம் இறங்க ஓடுபாதையாக அடையாளம் போட்டிருக்கிறார்கள்! அங்கே பயணிகளுக்குச் சொல்கிற முதல் புத்திமதி, "தேவைக்கு மேல் தண்ணீர் எடுத்துப்போ, வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்காதே" என்பதுதான். நம் பக்கத்தில் கேரளாவிலும் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று அரசு ஒரு கொள்கையே கொண்டுவந்தது. நமக்கு அந்த வண்டி இல்லாவிட்டால் என்ன? அந்த வசதியில் முக்கியமான ஒன்றை நாமே செய்துகொள்ளலாமே!

இரண்டாம் நாள் புதுச் சட்டம்

காலையில் டாக்டரம்மா மறுபடி பார்த்துவிட்டு, "போகலாம், ஆனா வெயில் நேரத்துல வண்டியை விட்டு இறங்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு அனுப்பினார். கோயிலில் தரிசனத்தை முடித்துக்கொண்டு கிளம்பினோம். என் வீட்டுக்காரர் வேனில் ஏறியதும் ஒரு அறிவிப்புச் செய்தார். "இனிமே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டி நிக்கும். யாரும் கேக்க வேண்டாம். முதல்ல பொம்பளைங்க இறங்கிப் போயிட்டு வருவாங்க. அப்புறம்தான் நாங்க."

கேட்க வேண்டியதில்லை என்ற அந்த ஒரு வார்த்தை போதும்! அயித்தை பாட்டிலை எடுத்து, நாங்கள் பார்க்கிறோமா என்று பார்த்துவிட்டு, ஒரு வாய் குடித்தார். அடுத்த நிறுத்தத்தில் கம்பீரமாக இறங்கினார்.

ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை சுமார் 120 கிலோமீட்டர். பெட்ரோல் பங்க்குகளாகப் பார்த்து நிறுத்தினோம். பங்க்கில் கழிப்பறையும் குடிதண்ணீரும் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. கூச்சப்படாமல் கேளுங்கள். சாயல்குடி தாண்டிப் பங்க்கே கண்ணில் படாத ஒரு இடத்தில் ஓரகத்தி ஒரு யோசனை சொன்னாள். வேனின் பின் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து, நடுவில் ஒரு பழைய புடவையைக் கட்டினோம். ஐந்தே நிமிஷத்தில் மறைவான ஒரு அறை! இப்போது வீட்டில் ஒரு மடக்கு கமோடு நாற்காலியும், மூடி போட்ட வாளியும் வாங்கி வைத்திருக்கிறோம். மூட்டு வலிக்காரர்களுக்கும் சௌகரியம்.

வழியெல்லாம் பனை. நுங்கு வாங்கித் தின்றோம். நல்ல நீர்ச்சத்து. பதநீர் கிடைத்தது, அதில் சர்க்கரைச் சத்து அதிகம் என்பதால் சர்க்கரை வியாதிக்காரரான மாமாவுக்கு மட்டும் தடா! "உடன்குடிப் பக்கம் வந்துட்டு கருப்பட்டியும் கூடாது, பதநீரும் கூடாதுன்னா நான் எதுக்கு வந்தேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே நுங்கைச் சாப்பிட்டார். தேரிக்காட்டை மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஏழு மணிக்கே பார்த்து முடித்தோம். அந்தச் செம்மணலுக்கு நடுவே, மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு சுனை இருக்கிறது. சுற்றிலும் மணல், நடுவில் தண்ணீர், மர நிழல். அங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டதை மறக்கவே முடியாது.

வேனில் ஏறும் முன் படியுங்கள்

* தண்ணீர்: குடிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு வையுங்கள். எங்கள் பதினோரு பேருக்கு 20 லிட்டர் கேன் இரண்டும், கையில் ஆளுக்கொரு பாட்டிலும் தேவைப்பட்டன. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடியுங்கள்.

* நிறம் பாருங்கள்: சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம்.

* உப்பு சர்க்கரைத் தண்ணீர்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக் கூடாது. கடையில் வாங்குவதானால் உலக சுகாதார நிறுவன முறைப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பவுடரா என்று பாருங்கள். இனிப்பு பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டு விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

* இளநீர்: நல்லதுதான். ஆனால் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

* இன்சுலின்: நிறுத்தி வைத்த வேன் அடுப்பு மாதிரி கொதிக்கும். டேஷ்போர்டில் வைக்காதீர்கள். ஐஸ் கட்டியின் மேல் நேராகவும் வைக்காதீர்கள், உறைந்தால் கெட்டுவிடும். துணியில் சுற்றி, குளிர் தாங்கும் டப்பாவில் வைத்து, இறங்கும்போது கையோடு கொண்டுபோங்கள்.

* குழந்தைகள்: ஐந்து நிமிஷம்தானே என்று பூட்டிய வண்டிக்குள் விட்டுப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்து நிமிஷத்தில் 10 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறிவிடும்.

* சாப்பாடு: புளியோதரை, எலுமிச்சை சாதம் வெயில் தாங்கும். தயிர்சாதம், தேங்காய்ச் சட்னியைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

* வாந்தி வருகிறவர்கள்: முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள். புத்தகம், செல்போன் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

* டிரைவர்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கால் மணி நேரம் ஓய்வு கொடுங்கள். விடியற்காலையும், சாப்பிட்டபின் மத்தியானமும் கண் சொக்குகிற நேரம். அவர் தூக்கத்தில் இருக்கிறது உங்கள் எல்லோருடைய உயிரும். அந்த நேரத்தில் எல்லோரும் இறங்கி நாலு எட்டு நடந்தால் கால் வீக்கமும் வராது.

* கடல்: அரிச்சல்முனையில் அலையைப் பார்ப்பதோடு சரி. நீரோட்டம் இழுத்துவிடும், குளிக்க இறங்காதீர்கள்.

* நேரம்: காலை 11-லிருந்து மாலை 4 வரை நிழலில் இருங்கள். குடை, தொப்பி, பருத்தித் துணி அவசியம்.

நாழிக்கிணற்றுப் பக்கம்

இரண்டாம் நாள் சாயங்காலம் திருச்செந்தூரில் நாழிக்கிணற்றுக்குப் போனோம். கடலுக்குப் பக்கத்திலேயே பெரிய கிணறு. அதற்குள் ஒரு சின்னஞ்சிறு கிணறு. வெளிக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும், உள்ளே இருப்பது மட்டும் நல்ல தண்ணீர். தனுஷ்கோடியில்கூடக் கடலோர மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்பதால்தான் அது கிடைக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் கொழுந்தனார்.

அயித்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உப்புக் கடலுக்குப் பக்கத்துலயே முருகன் நல்ல தண்ணியை வச்சிருக்கான். நான் பாட்டிலைக் காலுக்கடியில வச்சுக்கிட்டே சாகப் பார்த்தேனே!"

இப்போது எங்கள் தெருவில் யார் டூர் கிளம்பினாலும் அயித்தை வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்காமல் விடுவதில்லை. எங்கே போறீங்க என்று கேட்பதில்லை. எத்தனை நாள் என்றும் கேட்பதில்லை.

"பொம்பளைங்களுக்காக எங்கெங்க வண்டியை நிப்பாட்டப் போறீங்க? அதைச் சொல்லிட்டுக் கிளம்புங்க!"